முதுகு காட்டி நிற்கும் எழுத்து

தம்பி யூட்,

இந்த நாட்டு வழக்கப்படி கல்யாண விருந்தில் மாப்பிள்ளையின் தகப்பன் எழும்பி நின்று பேச வேண்டும் என்று நீ எப்போதோ சொல்லி வைத்துவிட்டாய். நானும் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பேசிப் பழகினேன். "குளிக்கிறியளோ, பிரசங்கம் வைக்கிறியளோ?" என்று அம்மா கதவைத் தட்டுவாள். கடைசியில் நடந்தது உனக்குத் தெரியும். கரண்டியால் குவளையைத் தட்டினார்கள், கையில் மைக்கைத் தந்தார்கள், சனம் எல்லாம் என்னைப் பார்த்தது, பழகிய பேச்சு முழுவதும் பறந்துவிட்டது. "எல்லாரும் வடிவாச் சாப்பிடுங்கோ" என்று சொல்லிவிட்டு இருந்துவிட்டேன். டென்மார்க்கிலேயே மிகச் சிறந்த தகப்பன் பேச்சு அதுதான், அவ்வளவு சுருக்கம் என்று உன்னுடைய டெனிஷ் நண்பன் ஒருவன் என் முதுகில் தட்டினான். எனக்கு அது போதவில்லை. பேசாமல் விட்டதை இப்போது கைபேசியில் ஒற்றை விரலால் குத்திக் குத்தி எழுதுகிறேன். எங்கள் மாதா கோயில் மலரில் இதைப் போடுவதாக அன்ரன் அண்ணை சொல்லியிருக்கிறார். ஊரும் வாசிக்கப்போவதால், உன்னைப் பற்றிய சில கதைகளை விட்டுவிடுகிறேன். சிலதை விடமாட்டேன்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. பிறகு மன்னாரில் சண்டை வந்தது, பள்ளிக்கூடத்தில் சனம் வந்து குடியேறியது, நானும் படிப்பும் சந்தோஷமாகப் பிரிந்தோம். அதனால் எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். உனக்கும் தமிழ் வாசிப்பது முள்ளோடு மீன் தின்பது மாதிரி. மெதுவாக வாசி. எஸ்தருக்கு டெனிஷில் சொல்லும்போது நான் உன்னைப் பகிடி பண்ணும் இடங்களை விழுங்காமல் சொல். அவளுக்கு அவைதான் பிடிக்கும்.

முதலில் நன்றி. தகப்பன் மகனுக்கு நன்றி சொல்வது எங்கள் ஆட்களிடம் இல்லாத பழக்கம். இந்த நாட்டில் பேருந்தை விட்டு இறங்கினாலும் நன்றி, சாப்பிட்டாலும் நன்றி, போன முறை சந்தித்ததற்கு இந்த முறை ஒரு நன்றி. வந்த புதிதில் எனக்கு இது விசராகத்தான் தெரிந்தது. இத்தனை வருடம் இருந்ததில் எனக்கும் தொற்றிவிட்டது. எதற்கு நன்றி என்பதை ஒழுங்காகச் சொல்வதற்குத்தான் இந்த நீளம்.

எஸ்தரை நீ முதன்முதல் வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று அம்மா கதவைத் திறந்து பார்த்துவிட்டு நேரே குசினிக்குள் வந்தாள். "இஞ்சாருங்கோ, நேபாளமோ வியட்நாமோ?" என்றாள் என் காதுக்குள். "கேட்டுப் பாருமன், பிள்ளைக்கு வாய் இருக்குத்தானே" என்றேன். பிள்ளையே சொன்னாள். பர்மாவின் வடக்கு மூலை, மலைகள், லிசு என்று ஒரு சனம். தகப்பன் ஊரிலேயே நோய் வருத்தத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். தாயும் மகளும் மலேசியாவில் அகதிகளாகக் கிடந்து, அங்கிருந்து டென்மார்க் அவர்களை எடுத்திருக்கிறது. வீடு தலைநகருக்குப் பக்கத்தில், டோஸ்ட்ருப்பில். தாய் மார்த்தா ஒரு ஹோட்டலில் அறை துப்புரவாக்கும் வேலை. "இஞ்சை வேறை லிசு ஆக்கள் இருக்கினமோ?" என்று அம்மா தன்னுடைய டெனிஷில் கேட்டாள். எஸ்தர் யோசித்துப் பார்த்து, "எங்களுக்குத் தெரிந்து ஒருவரும் இல்லை" என்றாள். நாங்கள் அகதி முகாமுக்கு வந்த முதல் கிழமையே அடுத்த அறையில் யாரோ கருவாடு பொரித்தான். மணத்தைப் பிடித்துக்கொண்டு போனால் மன்னார்க்காரன். அந்த மணம் ஒரு நாளும் வராத நாடாகத்தான் இதை அந்தத் தாயும் மகளும் அறிந்திருக்கிறார்கள்.

பிறகு கல்யாணப் பேச்சுக்கு இருவரும் ரயிலில் எங்கள் கோல்டிங்குக்கு வந்தார்கள். மார்த்தா அதிகம் கதைக்கவில்லை. கதைத்த கொஞ்சத்திலும் டெனிஷ் என்னுடையதைவிடச் சுத்தம். உன் பெரியம்மா ரோசி அக்கா கையில் பேனையோடு இருந்தது நினைவிருக்கும். கல்யாணம் என்றால் யார் எங்கே இருப்பது என்பதுதான் அவவுக்கு ஏழு திருவருட்சாதனங்களுக்கும் மேலே. "பொம்பிளை பக்கம் எத்தினை பேர்?" என்று கேட்டா. நீ அதை டெனிஷில் சொன்னாய். மார்த்தா ஒரு விரலைத் தூக்கிக் காட்டி, அந்த விரலாலேயே தன் நெஞ்சைத் தொட்டார். பேனை அப்படியே நின்றது. அம்மாதான் சமாளித்தாள். "வேறை என்ன விருப்பம் எண்டாலும் சொல்லச் சொல்லு" என்றாள்.

மார்த்தா சொன்னார். அவர்கள் ஊரில் பெண்ணைக் கையில் பிடித்துக் கொடுக்கும் நேரம் பெண் வீட்டார் எல்லோரும் எழும்பி நின்று ஒரு பாட்டுப் பாடுவார்களாம். ஆண்களும் பெண்களும், நாலு குரலில், ஒவ்வொரு குரலுக்கும் வேறு மெட்டு. தன் கல்யாணத்தில் கோயில் நிறைய நின்று பாடினார்களாம். எஸ்தர் பிறந்த அன்றிலிருந்து இந்த நாளை நினைக்கும்போதெல்லாம் அந்தப் பாட்டும் சேர்ந்துதான் காதில் கேட்குமாம். இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். "பரவாயில்லை. ஒருத்தி நாலு குரலில் பாட முடியாது" என்று தேநீரை எடுத்தார். எஸ்தர் தட்டைப் பார்த்தாள். நீ எஸ்தரைப் பார்த்தாய். தம்பி, நீ இனிக் குடும்பக்காரன், இதைக் கேட்டுக்கொள். ஒரு ஆள் தன் ஆசையைச் சொல்லிவிட்டு உடனே 'பரவாயில்லை' என்றால், அந்தப் பரவாயில்லையை நம்பாதே. உன் அம்மாவின் பரவாயில்லையை நான் நம்பிய நாட்களில் எனக்குக் கிடைத்த சாப்பாட்டைப் பற்றி இங்கே எழுத முடியாது.

"நாங்கள் பாடுவம்" என்றேன் நான்.

மேசைக்குக் கீழே அம்மாவின் கால் என் காலை மிதித்தது. அவள் மிதித்ததில் நியாயம் இருந்தது. எங்கள் கோயில் பாடகர் குழு உனக்குத் தெரியாததா? அன்ரன் அண்ணை ஆர்மோனியத்தில் ஒரு கட்டையை அமத்துவார், எல்லோரும் அதில் ஏறுவோம், ஒரே மெட்டு, ஒரே குரல். எங்கள் குழுவில் நாலு பேர் நாலு குரலில் பாடினால் அதற்குப் பெயர் சண்டை. ரயில் நிலையத்தில் அவர்களை ஏற்றிவிட்டு வரும்போது அம்மா கேட்டாள்: "லிசு தெரியுமோ உங்களுக்கு?" "இல்லை." "நாலு குரல் தெரியுமோ?" "இல்லை." "பிறகு?" "வாய் இருக்கெல்லோ" என்றேன். "அதுதான் பிரச்சினை" என்றாள்.

பாட்டின் சொற்களை மார்த்தாவின் அண்ணன் மகள் ஊரில் இருந்து அனுப்பினாள். கோயிலில் இருந்த பழைய கணினியில் யாரோ எப்போதோ அடித்து வைத்தது. நீ அதை எனக்கு அனுப்பிவிட்டு, "அப்பா, இதை நான் இன்னும் பாக்கேல்லை, பொறுங்கோ" என்று ஒரு வரியும் போட்டிருந்தாய். பொறுக்கிற ஆளா நான்? திறந்து பார்த்தேன். எல்லாம் ஆங்கில எழுத்து. பெரியதும் சின்னதுமாக, கலந்து கட்டி. இதுதானா பெரிய வித்தை என்று நினைத்தேன். உனக்குத் தெரியும், எங்கள் குழு எந்தப் பாட்டையும் தமிழ் எழுத்தில் எழுதித்தான் பாடும். டெனிஷ் பூசைப் பாட்டு, லத்தீன், எல்லாமே தமிழ் எழுத்தில் எழுதி நெகிழி உறைக்குள் இருக்கும். அதே மாதிரி இதையும் நானும் ரோசி அக்காவும் இருந்து எழுதினோம். V வந்தால் வ. R வந்தால் ர. F வந்த இடத்தில் ஃப போட்டு, கீழே கோடும் போட்டோம். மெட்டு ஒலிப்பதிவாக வந்திருந்தது. கோயிலின் கீழ் மண்டபத்தில் வைத்து, ஒரே குரலில், நல்ல சத்தமாகப் பாடிப் பாடிப் பாடமாக்கினோம். அன்ரன் அண்ணைக்கே கண் கலங்கியது.

மார்த்தாவை வரவழைத்து, முன்வரிசையில் இருத்தி, பாடினோம். அவர் கையைக் கட்டிக்கொண்டு மிகவும் மரியாதையாகக் கேட்டார். முடிந்ததும் எழும்பி, கை தட்டி, டெனிஷில் சொன்னார்: "தமிழ் எவ்வளவு அழகான மொழி!"

எஸ்தர் தாயின் காதில் குனிந்து ஏதோ சொன்னாள். மார்த்தா வாயைக் கையால் பொத்தினார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்து அம்மா தண்ணீர் எடுக்க ஓடினாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். இருக்கையில் சரிந்து, கண்ணில் நீர் வழிய, நிறுத்த முடியாமல் சிரித்தார். ரோசி அக்கா முதலில் முறைத்தா, பிறகு அவவும் தொடங்கினா. தன் அம்மா இப்படிச் சிரித்து இத்தனை வருடத்தில் தான் பார்த்ததில்லை என்று எஸ்தர் பிறகு என்னிடம் சொன்னாள். ஒரு வேலையைப் பிழையாகச் செய்து இவ்வளவு நல்ல பலன் எனக்குக் கிடைத்தது அதுதான் முதல் தரம். ஆனால் சிரித்து முடிந்ததும் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சிரமப்பட வேண்டாம். நீங்கள் தமிழிலேயே பாடுங்கள், அழகாக இருக்கிறது" என்றார். மறுபடியும் ஒரு பரவாயில்லை.

அன்று பின்னேரம் வீட்டில் இருந்து நீ எனக்கு விளங்கப்படுத்தினாயே, அதை நான் மறக்கமாட்டேன். கோபப்படவில்லை. 'பொறுங்கோ எண்டு சொன்னனான்தானே' என்றுகூடச் சொல்லவில்லை.

"அப்பா, இது இங்கிலீஷ் இல்லை. லிசு எழுத்து. பாக்க இங்கிலீஷ் பெரிய எழுத்து மாதிரி இருக்கும். சிலது நேரா நிக்கும், சிலது திரும்பி நிக்கும். V மாதிரி இருக்கிறது ஹ. F மாதிரி இருக்கிறது ட்ஸ."

"அப்ப இந்தச் சின்ன e?"

"அது e-யே இல்லை. பெரிய E-ஐத் திருப்பி வைச்ச மாதிரி ஒரு உயிர் எழுத்து. கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, அப்பா. நம்பர்தான் தெரியும். இஞ்சை ஆளுக்கு ஒரு பெர்சோன்நம்மர் இருக்கிற மாதிரி ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நம்பர். முந்தி இந்த எழுத்துக்கு நம்பர் இல்லை. அதாலை சின்ன e-யின்ரை நம்பரிலை இருத்தி வைச்சவை. ஊரிலை அவையின்ரை எழுத்துரு இருக்கிற கம்ப்யூட்டரிலை திறந்தா சரியான முகம் தெரியும். இஞ்சை வந்தா வெறும் e."

"அட, தலை மாத்தி வந்தது எண்டு சொல்லு!" என்றேன்.

உனக்கு விளங்கவில்லை. அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். இன்னொருவனுடைய கடவுச்சீட்டில் படத்தை மாற்றி ஒட்டிக்கொண்டு வருவதற்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் அது. நானும் அப்படித்தான் வந்தேன். வழியெல்லாம் நான் செல்வராசா. எந்தச் செல்வராசாவோ, நல்லாயிருக்கட்டும். ஒரு விமான நிலையத்தில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், நான் பாட்டுக்கு இருந்தேன். பக்கத்தில் இருந்தவன் விலாவில் இடித்துத்தான் எழும்பினேன். இங்கே இறங்கியதும் ஒரு காவல்காரர் பெயர் கேட்டார். என் சொந்தப் பெயரைச் சொன்னேன். அது என் காதுக்கே புதிதாக இருந்தது. கொஞ்ச நாளில் நம்பரும் தந்தார்கள். அதிலும் ஒரு கூத்து, எங்கள் வழக்கம் தெரியாமல் ஐயாவின், அதுதான் உன் அப்பப்பாவின், பெயரை என் முதற்பெயராகவும் என் பெயரைக் குடும்பப் பெயராகவும் போட்டுவிட்டார்கள். இன்றைக்கும் பல் வைத்தியரிடம் போனால் ஐயாவைத்தான் கூப்பிடுகிறார்கள். ஆயுளில் ஒரு நாளும் பல் காட்டப் போகாத மனிதர். இதையெல்லாம் நான் உனக்கு அதற்கு முன் சொன்னதே இல்லை, என்ன? அன்று ஒரு எழுத்துக்காகத்தான் சொன்னேன். நீ கணினியை மூடிவைத்துவிட்டுக் கேட்டாய். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது கூட ஒரு கதையை இவ்வளவு அமைதியாகக் கேட்டதில்லை.

"இப்ப அந்த எழுத்துக்குச் சொந்த நம்பர் இருக்கோ?" என்று கேட்டேன். "ஓம். லிசு எழுத்து எல்லாத்துக்கும் இருக்கு. A மாதிரியே இருக்கிற எழுத்துக்கும் தனி நம்பர்." "அது ஏன்? அது நேராத்தானே நிக்குது." "முகம் ஒண்டு எண்டாலும் ஆள் வேறை, அப்பா" என்றாய். அதைச் சொல்லிவிட்டு நீ பாட்டுக்கு வேலையைத் தொடங்கினாய். நான் அந்தச் சொல்லை இன்னும் வைத்திருக்கிறேன். எஸ்தரைச் சந்தையில் பார்த்து, எங்கேயோ பார்த்த முகம் மாதிரி இருக்கிறது என்று அவள் எந்த நாடு என்பதைத் தாங்களே முடிவு செய்கிறவர்கள் நிறையப் பேர். அம்மாவும் அதில் ஒருத்தி. நானும்தான்.

பழைய நம்பரில் இருந்ததை எல்லாம் ஒரே அமத்தலில் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். அப்படி மாற்றினால் பாட்டுக்கு இடையில் ஆங்கிலத்தில் எழுதியிருந்த குரல் பெயர்களும் சுருதிக் குறிப்பும் சேர்ந்து லிசுவாகிவிடும் என்றாய். அதனால் வரி வரியாக இருந்து பார்த்தாய். வேலை முடிந்து ரயிலில் வரும்போது பார்த்தாய், சனிக்கிழமை எங்கள் சாய்மனையில் கிடந்து பார்த்தாய். கோயில் அலுவலக இயந்திரத்தில் முதல் தாளை அச்சடித்தபோது எழுத்துக்குப் பதில் வெறும் பெட்டி பெட்டியாக வந்தது. "வீடு குடுத்தாச்சு, ஆள் இன்னும் குடிவரேல்லை" என்றார் அன்ரன் அண்ணை. அந்த இயந்திரத்துக்கு லிசு எழுத்துரு இல்லை என்று கண்டுபிடித்து, எழுத்துருவையும் கோப்புக்குள்ளேயே வைத்துக் கட்டி அனுப்பினாய். அடுத்த தாள் வந்தது. மார்த்தா அதைக் கையில் வாங்கி, கண்ணாடியைப் போட்டு, உதடு அசைய வாசித்தார். தாளை மடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அன்று முழுவதும் இருந்தார். இரண்டாவது பரவாயில்லை அத்தோடு காணாமல் போனது.

பிறகு அதைத் தமிழ் எழுத்தில் எழுத இருந்தோம், இந்த முறை மார்த்தா சொல்லச் சொல்ல. அவர்கள் எழுத்திலும் ஒரு மெய்யை எழுதினால் 'அ' அதற்குள்ளேயே இருக்கும், தனியாகப் போடத் தேவையில்லை, எங்கள் க, ச, த மாதிரி. இதைக் கேட்டு ரோசி அக்காவுக்கு வந்த சந்தோஷம்! "பாத்தியளே, எங்கடை ஆக்கள்!" என்றா. ஆனால் அந்தத் திரும்பிய எழுத்தில் எல்லோரும் முட்டிக்கொண்டு நின்றோம். ꓱ. அதன் சத்தம் டெனிஷில் வட்டத்துக்குக் குறுக்கே கோடு போட்ட ø இருக்கிறதே, அது. தமிழில் அதற்கு எழுத்து இல்லை. "ஒ எண்டு போடுவம்" என்றார் அன்ரன் அண்ணை. "எ தான் கிட்ட வருகுது" என்றா ரோசி அக்கா. "ஒ." "எ." "அண்ணை, உங்கடை ஒ-வைப் போட்டா அது வேறை பாட்டு." "உம்முடைய எ-யைப் போட்டா மட்டும்?" ஆர்மோனியம் மூடப்பட்டது. மார்த்தா இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார், என்ன சண்டை என்று தெரியாமல். அம்மாதான் சொன்னாள்: "அதை ஏன் மாத்துறியள்? அது பாட்டுக்கு நிக்கட்டுமன்." அப்படித்தான் நின்றது. எங்கள் குழுவின் தாள்களில் முதன்முதலாக, தமிழ் எழுத்துகளுக்கு நடுவே, முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு லிசு எழுத்து.

நிற்க வைத்தாயிற்று, யார் சொல்வது? இத்தனை வருடமாக இந்த ø எனக்கு வாயில் வந்ததில்லை. பாணின் டெனிஷ் பெயரிலும் அது இருப்பதால், பாண் வாங்கப் போனால் கையால் காட்டித்தான் வாங்குவேன். நீ சின்ன வயதில் உன் நண்பர்களுக்கு முன்னால் என்னைச் சொல்ல வைத்துச் சிரிப்பாய், நானும் வேண்டுமென்றே இன்னும் பிழையாகச் சொல்லுவேன். பிழையாகச் சொன்னால் பகிடி, சரியாகச் சொல்ல முயன்று தவறினால்தானே வெட்கம்? இந்த முறை நீ குசினியில் என் முன்னால் கதிரையைப் போட்டு இருந்தாய். "அப்பா, ஏ எண்டு சொல்லுங்கோ. நாக்கை அசைக்காதேங்கோ. இப்ப வாயை மட்டும் ஓ எண்டு குவியுங்கோ." "இஞ்சாருங்கோ, மீன் மாதிரி இருக்கு" என்றாள் அம்மா. நீ சிரிக்கவில்லை. "இன்னொருக்கா, அப்பா." தொழிற்சாலையில் ஜன்னல் சட்டங்களுக்கு றப்பர் வைக்கும்போதும் நான் இதையே சொல்லிக்கொண்டு நின்றேன். மேற்பார்வையாளர் வந்து நெஞ்சு நோகிறதா என்று கேட்டார். ஒரு ஞாயிறு பின்னேரம் அது வந்தது. நீ மேசையில் தட்டி எழும்பினாய். நீ முதன்முதல் 'அப்பா' என்று சொன்ன அன்று நானும் அப்படித்தான் எழும்பினேன். அதற்கு நன்றி, மகனே. சிரிக்காமல் இருந்ததற்கு.

நாலு குரலை மார்த்தா பார்த்துக்கொண்டார். கையைக் கட்டிக்கொண்டு இருந்த அந்த மனுசியா இது என்று இருந்தது. ஞாயிறு தோறும் ரயிலில் வந்து, எங்களைப் பிரித்து, மூலைக்கு ஒரு கூட்டமாக நிறுத்தினார். என்னை அடிக்குரலில் போட்டார். பக்கத்தில் பெண்கள் மெட்டை எடுத்தால் நான் என்னை அறியாமல் அதில் ஏறிவிடுவேன், அதற்காக என்னைச் சுவரைப் பார்த்து நிற்க வைத்தார். இந்த வயதில்! அன்ரன் அண்ணையின் ஆர்மோனியத்தை மெதுவாக மூடி, அதன் மேல் தன் கைப்பையை வைத்தார். ரோசி அக்காவைக்கூட ஒரு விரலால் அடக்கினார். "உன்ரை சம்பந்தி நல்ல இடத்துப் பொம்பிளை" என்று அக்கா என்னிடம் சொன்னா. அவவின் வாயிலிருந்து வரக்கூடிய மிகப் பெரிய பட்டம் அது.

கல்யாண நாள் நீ முன்னால் நின்றதால் பின்னால் நடந்த சிலது உனக்குத் தெரியாது. பூசை தொடங்க முன் நான் எங்கள் பக்கத்து வாங்கு இருக்கையில் இருந்து எழும்பினேன். "எங்கை போறியள்?" என்றாள் அம்மா. "பொம்பிளை வீட்டுக்கு" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள், பிறகு என் கழுத்துப் பட்டியைச் சரி செய்து விட்டாள். அன்ரன் அண்ணை எழும்பினார், ரோசி அக்கா தன்னுடைய இருக்கைத் திட்டத்தைத் தானே குழப்பிக்கொண்டு எழும்பினா, பாடகர் குழு முழுவதும் எழும்பி அந்தப் பக்கம் போனது. மார்த்தா தன்னந்தனியாக இருந்த பக்கம் நிறைந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டு வாங்குகளில் அம்மாவும், கொஞ்சச் சொந்தமும், உன் டெனிஷ் நண்பர்களும். படங்களில் மாப்பிள்ளையின் தகப்பன் எங்கே என்று யாராவது கேட்டால் இதுதான் காரணம்.

மார்த்தா எஸ்தரின் கையை உன் கையில் வைத்தார். திரும்பி எங்களுக்கு முன்னால் வந்து கையைத் தூக்கினார். பெண்களின் மேல்குரலை அவர்தான் பிடித்துக்கொடுக்க வேண்டும். பழகும்போதெல்லாம் அவர் குரல் இல்லாவிட்டால் பெண்கள் வழி தவறுவார்கள், அவர்கள் தவறினால் நாங்கள் எல்லோரும் குழிக்குள். கை இறங்கியது, தொடங்கினோம். மார்த்தா வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. இன்னொரு தரம் திறந்தார். வரவில்லை. ரோசி அக்காவின் கை அம்மாவின் சேலைத் தலைப்பைத் தேடியது, அம்மா அங்கே இல்லை. அக்கா என் கையைப் பிடித்தா. பிடித்துக்கொண்டு, நடுங்கி நடுங்கி, ஆனால் விலகாமல், மேல்குரலைத் தானே எடுத்தா. மற்றப் பெண்கள் சேர்ந்தார்கள். இரண்டாம் குரல் வந்தது, மூன்றாவது வந்தது, கீழே நாங்கள். அந்தத் திரும்பிய எழுத்து வந்த இடத்தில் ஏ என்று நினைத்து ஓ என்று குவித்தேன், அது தன் பாட்டில் போய் மற்றவற்றோடு சேர்ந்துகொண்டது. மார்த்தாவின் கை மெதுவாகக் கீழே வந்தது. எங்களைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு போய் வாங்கில் இருந்தார். பெண்ணைப் பெற்றவள் இருந்து கேட்க வேண்டிய பாட்டு அது. அவர் இருந்து கேட்டார். கடைசி வரி முடியும்வரை.

பிறகு விருந்து மண்டபத்தில், உடுப்புக் கொழுவும் இடத்தில், மார்த்தாவின் கைபேசி அடித்தது. ஊரில் இருந்து அண்ணன் மகள். கோயிலில் உன் டெனிஷ் நண்பன் ஒருவன் கைபேசியைப் பிடித்து அவளுக்குக் கேட்க வைத்திருக்கிறான். இணைப்பு மோசம், படம் வரவில்லையாம், சத்தம் மட்டும். நான் மேலங்கி எடுக்கப் போனவன் பக்கத்தில் நின்றேன். ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் அந்தப் பக்கத்துக் குரல் ஆச்சரியத்தில் உயர்ந்து உயர்ந்து வந்தது. அவள் என்ன கேட்கிறாள் என்று எஸ்தரிடம் கேட்டேன்.

"நாலு குரலும் கேட்டதாம், மாமா. பேச்சு மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி இருந்ததாம். யார் இவர்கள், எந்த மலை லிசு என்று கேட்கிறாள்."

மார்த்தா கதவுக்குள்ளால் மண்டபத்தைப் பார்த்தார். அன்ரன் அண்ணை சட்டைக் கையை மடித்துவிட்டு ஆட்டிறைச்சிக் கறியோடு போராடிக்கொண்டிருந்தார். ரோசி அக்கா யாருக்கோ கட்டிக்கொடுப்பதற்குச் சோற்றைப் பெட்டியில் அமத்திக்கொண்டிருந்தா. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டியிருந்தாள். எல்லோரையும் பார்த்து, கடைசியில் பக்கத்தில் மேலங்கியோடு நின்ற என்னையும் பார்த்துவிட்டு, மார்த்தா கைபேசியில் ஏதோ சொன்னார். சின்னதாக, வெகு சாதாரணமாக.

"என்ன சொன்னவ?" என்று எஸ்தரைக் கேட்டேன்.

"'என் வீட்டு ஆட்கள். கோல்டிங்கில் இருந்து வந்திருக்கிறார்கள்' என்று சொன்னா."

இருவரும் சுகமாக இருங்கள், பிள்ளைகளே.

உன் மாமியார் வீட்டு ஆள்,
அப்பா